வீட்டுக்கொடி மெய்யுரைக்க வேண்டும்

ஏவல் வேறு; நிகழ்வு வேறு. தமிழிலக்கணத்தை ஓரளவு பயின்ற மாணவனும் இதனை அறிவான். ‘விளக்கு எரிக’ என்பது வியங்கோள். ‘விளக்கு எரிந்தது’ என்பது இறந்தகால முற்று. ‘விளக்கு எரிகின்றது’ என்பது நிகழ்கால முற்று. மூன்றும் ஒரே வினையடியிற் பிறந்தன. ஆயினும் பொருளால் வேறுபட்டன. முன்னையது ஒருவரின் விழைவைச் சொல்லும். பின்னைய இரண்டும் உலகில் உள்ளதைச் சொல்லும். விழைந்ததையே உள்ளதாகக் கொள்பவனை உலகம் பேதை என்னும். மாந்தன் செய்யின் பேதைமை எனப்படும் இப்பிழையை, இன்று வீடுகளுட் புகுந்துவரும் தானியங்கிப் பொறிகள் பல நாள்தோறும் செய்கின்றன. அவற்றை விற்போரோ ‘அறிவுள்ள வீடு’ என்று பெயரிட்டு விற்கின்றனர். அறிவு என்னும் சொல்லுக்கு இதனினும் பெரிய இழுக்கு வேறுண்டோ?

வீட்டுத் தானியக்கம் என்பது மந்திரமும் அன்று, மறைபொருளும் அன்று. கதிரவன் மறையின் முற்றத்து விளக்கு எரிக. மழை பெய்யின் தோட்டத்துக்கு நீர் விடுதல் நிற்க. தொட்டி நிறையின் நீரேற்றி ஓய்க. இவை போலும் நெறிகளைச் சிறு கணினி ஒன்றில் எழுதி வைத்தலே தானியக்கம் ஆகும். எழுதப்பட்ட நெறியை நிரல் என்பர். ‘இன்னது நிகழின் இன்னது செய்க; நிகழாவிடின் பிறிதொன்று செய்க’ என்பதே நிரலின் யாப்பு. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணுமிடத்துச் ‘செயின்’ என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது. ‘செயின்’ என்னும் எச்சமும் ‘செய்க’ என்னும் ஏவலும் கூடிய தொடரே நிரல். ஆகலின் நிரலின் உள்ளமைப்பு தமிழ் கற்றவர்க்கு அயலானது அன்று. அயலானது போலத் தோன்றுதற்குக் கரணியம், அது வேற்றுமொழிப் போர்வையில் வந்தமையே.

நினைவு ஏன் வேண்டும்?

நெறி மட்டும் இருந்தால் போதாது, நினைவும் வேண்டும். இதனை விளக்க வீட்டு மாடியிலுள்ள நீர்த்தொட்டி ஒன்றே போதும். தொட்டியின் அடியில் ஒரு மிதவை. மேல் விளிம்பருகே மற்றொரு மிதவை. நீர் அடி மிதவைக்குக் கீழ் இறங்கின், ஊரார் மோட்டார் என்று வழங்கும் நீரேற்றி ஓடுக. மேல் மிதவையைத் தொடின் ஓய்க. இதுவரை இடர்ப்பாடு இல்லை. நீர் இரண்டு மிதவைகளுக்கும் நடுவே நிற்குங்கால் நீரேற்றி ஓட வேண்டுமா, ஓய வேண்டுமா?

நீர்மட்டத்தை மட்டும் நோக்கி இவ்வினாவுக்கு விடை கூற இயலாது. தொட்டி நிரம்பிக்கொண்டிருப்பின் ஓட வேண்டும். வடிந்துகொண்டிருப்பின் ஓய வேண்டும். மட்டம் ஈரிடத்தும் ஒன்றே. அதற்கு முன் நடந்தது வேறு. ஆகவே ‘நிரப்பத் தொடங்கியாயிற்று, இன்னும் முடியவில்லை’ என்று நிரல் தனக்கென ஓர் அடையாளத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். அவ்வடையாளத்தின் பெயரே நிலைக்கொடி. கொடியும் இன்றி, மிதவையும் ஒன்றே வைத்துச் சிக்கனம் பார்ப்பின், நீரலை ஆடுந்தோறும் நீரேற்றி ஓடுவதும் ஓய்வதுமாய்த் துடித்து விரைவிற் கெடும்.

கொடி ஏறியிருப்பின் மெய்; இறங்கியிருப்பின் பொய். இவ்விரண்டே அதன் நிலைகள். மெய், பொய் என்னும் இரண்டையும் எண்களைப் போல் வைத்துக் கணக்கிடலாம் என்று 1847இலும் 1854இலும் வெளியிட்ட நூல்களில் காட்டியவர் சியார்சு பூல். இங்கிலாந்தின் இலிங்கன் நகரில் பள்ளி நடத்தியவர். பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெறாதவர். அவர் கணக்கு, ரிலே என்று வழங்கும் மின்காந்த இணைப்பான்களுக்கு அப்படியே பொருந்தும் என்று 1937இல் தம் ஆய்வேட்டில் நிறுவியவர், அப்போது 21 அகவையினரான அமெரிக்க மாணவர் கிளாடு சானன். கணினி உலகம் முழுவதும் இவ்விரு தூண்கள்மேல் நிற்கின்றது.

இன்றைய வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சிலவற்றில், ஒவ்வொரு நிரலும் தன் நெறி நிறைவேறியதா இல்லையா என்பதனை மெய் அல்லது பொய் என்று தன்மேலேயே பொறித்துக்கொள்ளும். மற்றொரு நிரல் அப்பொறிப்பைப் பார்த்துத் தன் செயலைத் தொடங்கும். செயலொன்றும் இல்லாத வெற்று நிரலை எழுதி, அதன் மெய்பொய்யை மட்டும் கொடியாகப் பயன்படுத்துவாரும் உளர். ‘விருந்தினர் வந்துள்ளனர்’ என்பது அத்தகைய ஒரு கொடி. அஃது ஏறியிருக்கும்வரை, இரவு 10 மணிக்குக் கூடத்து விளக்கை அணைக்கும் நிரல் வாளா இருக்கும். எளிய கருவி, ஏற்றமான பயன்.

கொடியை ஏற்றுவது யார்?

கொடியின் இயல்பைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்திற் பறந்த பல்வகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. கள் விற்கும் மனைக்கும் கொடி உண்டு; கற்றோர் சொற்போருக்கு அழைக்கும் கொடியும் உண்டு. கொடியைக் கண்டவன் உள்ளே புகாமலே உள்ளிருப்பதை அறிவான். ஆனால் கள் தீர்ந்த பின்னும் கொடி பறக்குமாயின் என்னாகும்? வந்தவன் ஏமாறுவான். மறுநாள் அக்கொடியை நம்பான். பொய்த்த கொடி, கொடியில்லாமையினும் தீது. கொடி இல்லாவிடத்தில் மாந்தன் உள்ளே சென்று பார்ப்பான். பொய்க்கொடி பறக்குமிடத்திற் பாராமலே நம்புவான்.

வீட்டு நிரல்களில் நிகழும் பெரும்பிழையும் இதுவே. நிரல் ‘நீரேற்றி ஓடுக’ என்று ஏவுகின்றது. ஏவிய கையோடு ‘நீரேற்றி ஓடுகின்றது’ என்னும் கொடியையும் ஏற்றிவிடுகின்றது. ஏவல் சென்று சேர்ந்ததா, மின் இருந்ததா, உருகி எரிந்துபோயிற்றா, கிணற்றில் நீர் உண்டா என்னும் வினாக்கள் எழுப்பப்படவே இல்லை. கைப்பேசித் திரையில் பச்சைக்குறி ஒளிர்கின்றது. தொட்டியிலோ துளி நீரும் ஏறவில்லை. வியங்கோளை முற்றாகப் படித்த பிழை இது! பள்ளித் தேர்வில் இப்பிழை செய்த மாணவனுக்கு ஒரு மதிப்பெண் குறையும். வீட்டிற் செய்யின் நீரில்லை.

இதற்கு மருந்து அரிதன்று. நீரேற்றி உண்ணும் மின்னோட்டத்தை அளக்கும் உணரி ஒன்றைக் கம்பியில் மாட்டுக. மின்னோட்டம் சுழியாயின் நீரேற்றி ஓடவில்லை. இயல்பான அளவினதாயின் ஓடுகின்றது. இயல்பினும் மிகக் குறைந்திருப்பின் நீரின்றி வெறிதே சுழல்கின்றது. நீர்மூழ்கி நீரேற்றிக்கு நீரே குளிர்ச்சி தருவதாகலின், வெறுஞ்சுழற்சி அதனை எரித்துவிடும். எனவே ‘ஓடுகின்றது’ என்னும் கொடியை ஏற்றும் உரிமை ஏவிய நிரலுக்கு இல்லை. கண்டுவந்து சொல்லும் உணரிக்கே உண்டு. ஏவுவோன் ஒருவன், சான்று சொல்வோன் மற்றொருவன். வழக்காடுமன்றத்தின் இம்முறை வீட்டுக்கும் பொருந்தும்.

பெரும்பொறியில் அதே பிழை

தொட்டி நிறையாமை சிறு துன்பமே என்று சிலர் இதனை எளிதாகத் தள்ளக்கூடும். அதே பிழை ஒரு பெரும்பொறியிற் புகுந்தபோது விளைந்ததை அவர்கள் அறிதல் நன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் தீவு என்னுமிடத்தில் அணுமின் நிலையம் ஒன்று இருந்தது. 1979ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் விடியலில், அதன் இரண்டாம் அணுவுலையில் அழுத்தம் தணிக்கும் அடைப்பான் ஒன்று திறந்தது. அழுத்தம் குறைந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய அஃது மூடாமற் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டேயிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் அவ்வடைப்பானுக்கெனச் சிறு விளக்கொன்று இருந்தது. அவ்விளக்கு அணைந்தது. அடைப்பான் மூடிவிட்டது என்று பணியாளர் கொண்டனர். ஆனால் அவ்விளக்கு அடைப்பானைப் பார்த்துச் சொல்லும் விளக்கு அன்று. அடைப்பானை இயக்கும் மின்சுருளுக்கு மின் செல்கின்றதா என்பதனை மட்டுமே அது காட்டியது. மின் நின்றது, ‘மூடுக’ என்னும் ஏவல் சென்றது. மூடியது என்பதற்கு அவ்விளக்கு சான்றாகாது. பணியாளர் ‘மூடுக’ என்பதனை ‘மூடியது’ என்று படித்தனர். உண்மை விளங்கி, வேறோர் அடைப்பானை மூடி நீரிழப்பை நிறுத்த இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அதற்குப் பின்னரும் இடர் நீங்கவில்லை. உலையின் உள்ளகம் ஏறத்தாழப் பாதி உருகியது.

அவ்வறையில் இருந்தவர் அறியாதவர் அல்லர், பயிற்சி பெற்றவர். அவர்களையே ஒரு பொய்க்கொடி வீழ்த்தியதாயின், வேலை முடிந்து களைத்து வந்து கைப்பேசித் திரையை ஒருமுறை நோக்கிவிட்டுப் படுக்கச் செல்லும் இல்லத்தார் எம்மாத்திரம்? சுடுநீர்க் கலன், வாயிற் பூட்டு, அடுப்பு வளி ஆகியவற்றுக்கும் இன்று கொடிகள் வந்துவிட்டன. ‘பூட்டப்பட்டது’ என்று திரை சொல்கின்றது. ஏவலைச் சொல்கின்றதா, பூட்டின் நாக்கு உள்ளே சென்றதைக் கண்டு சொல்கின்றதா? வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் வினா இதுவே.

‘அறியேன்’ என்னும் மூன்றாம் விடை

வீட்டுத் தானியக்கத்தின் வரலாறே இப்பிழையிலிருந்து மெல்ல மெல்ல விடுபட்ட வரலாறுதான். சுகாட்லாந்தின் கிளென்ரோத்தசு ஊரிலிருந்த பைக்கோ எலக்ட்ரானிக்சு என்னும் நிறுவனம் 1975இல் ‘எக்சு-10’ என்னும் முறையை உருவாக்கியது. வீட்டு மின்கம்பி வழியாகவே குறிகளைச் செலுத்தி, 256 முகவரிகளில் உள்ள விளக்குகளையும் கருவிகளையும் இயக்க அதனால் முடிந்தது. ஆனால் அதன் தொடக்கக் கருவிகள் கேட்கும், மறுமொழி கூறா. ஏவல் கம்பியில் இரைச்சலால் அழிந்துபோயினும் ஏவியவனுக்குத் தெரியாது. கருவிகள் மறுமொழி கூறும் முறைகள் பின்னர்ப் பெருகின. ‘செய்க’ என்றால் ‘செய்தேன்’ என்னும் விடை வரும் நிலை உண்டாயிற்று.

விடை வாராவிடின் என் செய்வது? மெய், பொய் என்னும் இரண்டும் இங்கே போதா. 2013இல் பாலசு சவுட்டன் என்பார் தொடங்கிய ‘ஓம் அசிசுடென்டு’ என்னும் மென்பொருள் வீட்டிலுள்ள சிறு கணினியிலேயே இயங்குவது; அதன் நிரல்மூலம் யாவர்க்கும் திறந்தது. அதில் ஒரு கருவியின் நிலை எரிகின்றது, அணைந்துள்ளது என்பவற்றோடு, அறியப்படவில்லை, எட்டவில்லை என்றும் வரும். இச்சிறு நேர்மை பெரிது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பொறியே நம்பத்தக்க பொறி. ‘ஆளில்லை என்று தெரியும்’ என்பதும் ‘ஆள் உண்டா என்று தெரியாது’ என்பதும் ஒன்றாகுமா? இரண்டையும் பொய் என்னும் ஒரே கூடையிற் போடும் நிரல், தன் அறியாமையை முடிந்த முடிபாக விற்கின்றது.

கருவி இறந்துபோயின் அதன் இறப்பை யார் அறிவிப்பது என்னும் வினாவுக்கும் அழகிய விடை ஒன்று உண்டு. எண்ணெய்க் குழாய்வழிகளைத் தொலைவிலிருந்து காக்கும் பொருட்டு 1999இல் ஆண்டி இசுட்டான்போர்டு கிளார்க்கு, ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் ‘எம்கியூடிடி’ என்னும் செய்தி முறையை வகுத்தனர். வீட்டுக் கருவிகள் பல இன்று அதனைப் பயன்படுத்துகின்றன. அம்முறையில் ஒவ்வொரு கருவியும் நடுநின்ற கணினியிடம் சேரும்போதே தன் இறுதி முறியை எழுதிக்கொடுத்துவிடலாம்: ‘என் தொடர்பு திடீரென அறுமாயின் இச்செய்தியை எல்லார்க்கும் அறிவிக்க’ என்பது அம்முறி. தொடர்பு அறுந்ததும் நடுநின்ற கணினி அச்செய்தியை வெளியிடும். கொடிகள் உடனே ‘எட்டவில்லை’ என்று மாறும். இறந்தவன் ஏற்றிய கொடி இறந்த பின்னும் பறவாமைக்கு இதுவே வழி.

மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் வேறொன்றும் கருதத் தக்கது. மின் போய் மீளுங்கால், முன்னர் ஏறியிருந்த கொடிகள் பழைய நினைவாக மட்டும் இருக்கும். ‘நீரேற்றி ஓடுகின்றது’ என்னும் கொடி ஏறியபடி இருக்கும், நீரேற்றியோ நின்றிருக்கும். ஆகவே மின் மீண்டதும் நிரல் செய்யத்தக்க முதற்செயல் கொடிகளையெல்லாம் இறக்குதல். பின் உணரிகளைக் கேட்டுத் தெரிந்து ஒவ்வொன்றாக ஏற்றுதல்.

கைப்பேசி இல்லாதவர் வீட்டில் இல்லாதவரா?

பொறியின் பிழை மாந்தர்மேல் எவ்வாறு இறங்குகின்றது என்பதற்கு ஒரு கொடியே சான்று. ‘வீட்டில் ஆளில்லை’ என்பது அக்கொடி. பல வீடுகளில் அது கைப்பேசிகளை எண்ணி ஏற்றப்படுகின்றது. கைப்பேசி வீட்டெல்லையைத் தாண்டின் அதனை வைத்திருப்பவர் வெளியேறினார் என்று கொள்வது வழக்கம். பதிவு செய்யப்பட்ட கைப்பேசிகள் எல்லாம் வெளியேறின், வீடு வெறுமையாயிற்று என்பது நிரலின் முடிபு. உடனே விளக்குகள் அணையும், மின்விசிறி நிற்கும், குளிரூட்டி ஓயும், வாயில் பூட்டிக்கொள்ளும்.

மகனும் மருமகளும் பணிக்குச் சென்றனர்; பேரன் பள்ளிக்குச் சென்றான். கைப்பேசி வைத்திராத மூதாட்டி உள்ளே கட்டிலில் இருக்கின்றார். நிரலின் கணக்கில் அவர் இல்லை. கோடை நண்பகலில் அவர் தலைக்குமேல் மின்விசிறி நிற்கின்றது. சுவரிலுள்ள சுவிட்சையும் எடுத்துவிட்டுத் திரையை மட்டும் வைத்துள்ள வீடாயின், அதனை மீண்டும் ஓட்ட அவருக்கு வழியே இல்லை. குடும்பத்தார் கொடுமை செய்ய எண்ணவில்லை. நிரல் எழுதியவனும் எண்ணவில்லை. ‘கைப்பேசி இல்லை’ என்பதனை ‘ஆளில்லை’ என்று பெயரிட்ட ஒரு சொற்பிழையே அத்துணைக் கொடுமையையும் செய்தது.

ஆகலின் கொடிக்குப் பெயரிடுதல் சிறு வேலை அன்று. உணரி எதனைக் காண்கின்றதோ அதனையே பெயர் சொல்ல வேண்டும். கைப்பேசியை எண்ணும் கொடிக்குப் பெயர் ‘கைப்பேசிகள் வெளியே’ என்பது. அசைவைக் காணும் உணரியின் கொடிக்குப் பெயர் ‘அசைவு இல்லை’ என்பது. உறங்குபவர் அசையாரேனும் உள்ளே இருப்பவரே. ‘ஆளில்லை’ என்னும் பெருங்கொடியை ஏற்ற, இவையெல்லாம் ஒருங்கு சேர்தலோடு, வீட்டிலுள்ளார் ஒருவர் கைப்பட அழுத்தும் பொத்தான் ஒன்றும் வேண்டும். மாந்தர்க்கு ஏதம் தரக்கூடிய கொடி எதுவாயினும், ஐயம் தோன்றின் மாந்தர் பக்கமே சாய வேண்டும். வெறும் வீட்டில் விசிறி ஓடின் சிறிது மின் வீணாகும், ஆளிருக்க நின்றால் உயிர் வருந்தும்.

கொடிகளை மிகுத்தலும் தீங்கே. ஐந்து கொடிகள் 32 நிலைகளைத் தரும். பத்துக் கொடிகள் 1,024 நிலைகளைத் தரும். ‘உறக்கம்’ என்னும் கொடியும் ‘வெளியூர்’ என்னும் கொடியும் ஒருங்கே ஏறிநின்றால் வீடு என் செய்யும்? அத்தகைய இடத்தில் ‘வீட்டு நிலை’ என்னும் ஒரே குறியை வைத்து, பகல், மாலை, உறக்கம், வெளியூர் என்பவற்றுள் ஒன்றே ஒரு நேரத்தில் அதன் மதிப்பாகும்படி எழுதுதல் தெளிவு. ஒரே கம்பத்தில் ஒரே கொடி, மயக்கத்திற்கு இடமில்லை.

கொடிக்கம்பம் எவர் முற்றத்தில்?

இனி மிக இன்றியமையாத வினா: கொடியும் நெறியும் எங்கே வாழ்கின்றன? இன்று விற்கப்படும் பொறிகள் பலவற்றில் நிரல் வீட்டில் இல்லை. கடல் கடந்த நாட்டிலுள்ள நிறுவனத்தின் தொலைக்கணினியில் இருக்கின்றது. கூடத்திலிருந்து ஏவும் சொல் இணையத்தின் வழியே அயல்நாடு சென்று மீண்டு கூடத்து விளக்கை ஏற்றுகின்றது. கொடிக்கம்பம் பிறன் முற்றத்தில் நாட்டப்பட்டுள்ளது.

அதனால் விளைவது யாது? அமெரிக்காவில் இரிவால்வு என்னும் நிறுவனம் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை ஏறத்தாழ 300 தாலருக்கு விற்றது. 2014இல் கூகுளுக்குரிய நெசுட்டு நிறுவனம் அதனை வாங்கியது. 2016ஆம் ஆண்டு மே 15இல் தொலைக்கணினிப் பணி நிறுத்தப்பட்டது. பழுதற்ற கருவிகள் ஒரே நாளில் வெறும் ஓடுகளாயின. 2022 ஏப்பிரலில் இன்சுடியான் என்னும் முறையின் தொலைக்கணினிகள் முன்னறிவிப்பின்றி ஓய்ந்தன. அவற்றையே நம்பியிருந்த வீடுகளில் நேரக்கணக்கில் இயங்கும் நெறிகளும் கைப்பேசி ஏவல்களும் செயலற்றுப் போயின. அதே இன்சுடியான் விளக்குகளையும் சுவிட்சுகளையும் தம் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியில் தாமே எழுதிய நிரல்களால் இயக்கி வந்தவர்க்கோ அன்றைய இரவும் விளக்கு எரிந்தது! கருவி ஒன்றே, முறை ஒன்றே, நெறி வாழ்ந்த இடம் மட்டும் வேறு. பின்னர்ப் பயனாளர் சிலர் சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கி மீட்டனர் என்பது வேறு செய்தி.

தம் மொழியில் தம் நெறி

வீட்டு நெறி வீட்டில் வாழ்தலோடு அமையாது. வீட்டார் படிக்கத்தக்க மொழியிலும் அஃது இருத்தல் வேண்டும். இது மொழிப்பற்றினால் மட்டும் சொல்லப்படுவது அன்று, காப்பினாற் சொல்லப்படுவது. மூதாட்டியின் விசிறி நின்ற வீட்டில் கொடியின் பெயர் ‘அவே’ என்று வேற்றுமொழியில் இருந்தது எனின், அதன் பொருள் பிழையை அவர் எவ்வாறு கண்டு சொல்வார்? ‘வீட்டில் ஆளில்லை: மெய்’ என்று தமிழில் திரை காட்டியிருப்பின், ‘இதோ, இருக்கின்றேனே!’ என்று அவரே அப்பிழையைக் கண்டுபிடித்திருப்பார். பிழை காணும் கண்கள் வீட்டில் எத்துணை உளவோ அத்துணையும் பயன்பட வேண்டுமாயின், கொடியின் பெயர் அக்கண்கள் படிக்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இதற்குப் பொறித்தடை ஏதும் இல்லை. 1991இல் வந்த முதல் ஒருங்குறியிலேயே தமிழெழுத்து இடம்பெற்றது. 2008இல் வெளிவந்த பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு முதல், நிரலில் வரும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதலாம். ‘தொட்டி_நிரம்புகிறது’ என்று கொடிக்குப் பெயரிட்டால் பொறி மறுப்பதில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் கட்டளைச் சொற்களும் தமிழே. நெறியின் கட்டுப்பாட்டை முன்னே எழுதி, அதன்பின் ‘ஆனால்’ என்று எழுதுவது அம்மொழியின் முறை. மற்றைய நிரல்மொழிகள் ‘இஃப்’ என்னும் சொல்லைத் தலையில் வைக்க, எழில் தமிழ்த்தொடரின் இயல்புக்கேற்ப அதனைப் பின்னே வைத்தது. தமிழ்ச்சிறார்க்கு நிரலின் கருத்தைப் புகட்ட இதனினும் எளிய வாயில் இல்லை.

இவற்றுக்கு மறுப்புரைப்பார் இருவகையினர். ‘விளக்கை ஏற்றக் கையிருக்க இத்துணைப் பொறி எதற்கு?’ என்பார் ஒருவகையினர். கையுள்ளார்க்கு அது சரியே. கால் தளர்ந்து எழ இயலாதார்க்கும், கண்ணொளி குன்றினார்க்கும், நள்ளிரவில் நீர் வரும் ஊரில் உறக்கம் கெட்டு மோட்டார் போடுவார்க்கும் பொறி துணையே. அறிவியலை வெறுத்தல் தமிழ்நெறி அன்று. ‘வாங்கினோம், மாட்டினோம், இயங்குகின்றது, உள்ளிருப்பது எதற்கு?’ என்பார் மற்றொரு வகையினர். இயங்கும்வரை அதுவும் சரியே. இயங்காத நாளில், அல்லது தீதாக இயங்கும் நாளில், உள்ளிருப்பதை அறியாதவர் தம் வீட்டிலேயே விருந்தினராவர்.

ஆகவே தானியங்கி வாங்க எண்ணும் இல்லத்தார் ஐந்தினைக் கேட்டறிக. கொடியை ஏற்றுவது ஏவலா, உணரியா? தெரியாதபோது ‘தெரியாது’ என்று சொல்லுமா? மின் மீண்டால் மீண்டும் பார்த்து அறியுமா? இணையம் அற்ற நாளிலும் நெறி வீட்டிலேயே இயங்குமா? பொறி தவறினும் கையால் இயக்கச் சுவரில் சுவிட்சு உண்டா? இவ்வைந்துக்கும் ‘ஆம்’ என்று நேர்விடை கூறாத விற்பனையாளனின் பெட்டியைத் தொடற்க. பள்ளிகளில் கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள், அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளை விடுத்து, மாணவர் வீட்டு நீர்த்தொட்டியையே முதல் நிரலாகத் தமிழில் எழுதப் பயிற்றுக. இரண்டு மிதவை, ஒரு கொடி, ஒரு மின்னோட்ட உணரி: இவற்றை ஒருமுறை எழுதிய மாணவன் ஏவலையும் நிகழ்வையும் வாழ்நாள் முழுதும் மயங்கான்.

வீடு என்பது தங்கும் கட்டடம் மட்டும் அன்று. அடைக்கலம் நாடுவோர் அஞ்சாது உறையும் இடம். அதன் உச்சியிற் பறக்கும் கொடி உள்ளிருப்பவரை உள்ளார் என்றும், இல்லாததை இல்லை என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுக. பொய்க்கொடி எதுவாயினும் இறங்குக!